யார் நகர்த்தியது என்று சொல்ல முடியாத ஃபோல்டர்: ஒன்பது கணினி அலுவலகம் ஒன்றின் ஃபைல் பகிர்வு

பின்னணி

கணக்குத் தணிக்கை ஆலோசனை தரும் ஒரு சிறு அலுவலகம். ஆறு மேசைக் கணினிகள் வயரில், ஒரு பழைய மடிக்கணினி வைஃபையில். பிரின்ட், ஸ்கேன், நகல் மூன்றும் செய்யும் பழைய இயந்திரம் ஒன்றும் உண்டு. சர்வர் என்று தனியாக எதுவும் இல்லை. வரவேற்பு மேசைக் கணினியின் டி டிரைவில் ‘பொது’ என்ற ஃபோல்டரை ஷேர் போட்டு வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் ஆவணங்கள், கணக்கு மென்பொருளின் தரவு, கடிதங்கள், சம்பளப் பட்டியல் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு அவர்கள், ஒரே நெட்வொர்க்கிலுள்ள கணினிகளை ஒரு குழுவாக்கி ஃபைல் பகிர உதவும் விண்டோஸின் ஹோம்குரூப் வசதியில் இயங்கி வந்தார்கள். 2018-இல் வந்த விண்டோஸ் 10 1803 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியையே எடுத்துவிட்டது. அப்டேட் முடிந்து திறந்தபோது எல்லாக் கணினியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டன. யாருக்கும் எதுவும் தெரியாது, வேலையோ நின்றுவிட்டது. சரிசெய்ய வந்தவர் மிகக் குறுகிய வழியை எடுத்தார்: பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்கை அணைத்து, ‘எவ்ரிஒன்’ குழுவுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தார். அன்றிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் சேர்ந்த எந்தச் சாதனமும் எதையும் கேட்காமல் ‘பொது’வுக்குள் போகலாம், எழுதலாம், அழிக்கலாம். பல ஆண்டுகள் இப்படியே ஓடியது. ஓடியதால் அது சரியான ஏற்பாடு என்றே எல்லோரும் நம்பினார்கள்.

அழைப்பு வந்த சூழல்

புதிதாகச் சேர்ந்த இரண்டு ஊழியர்களுக்கு விண்டோஸ் 11 24எச்2 ப்ரோ உள்ள மடிக்கணினிகள் வாங்கினார்கள். இரண்டிலும் ‘பொது’ திறக்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் சரிபார்க்கப்படாத கெஸ்ட் அணுகலைத் தடுக்கிறது என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. ‘நிறுவனத்தின் கொள்கை’ என்று படித்ததும், தங்களை இன்னும் உள்ளே விடவில்லை போலும் என்று அந்த இரண்டு பேரும் எண்ணிக்கொண்டார்கள். அப்படி ஒரு கொள்கையை அலுவலகத்தில் யாரும் வகுக்கவில்லை. அது விண்டோஸின் இயல்புநிலை அமைப்பு.

ஊழியர் ஒருவர் இணையத்தில் தேடி, புதிய மடிக்கணினிகளில் கெஸ்ட் அணுகலை அனுமதிக்கும் அமைப்பைப் போட்டு, எஸ்எம்பி சைனிங் (ஃபைல் பகிர்வுச் செய்திகள் வழியில் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கும் முத்திரை) கட்டாயம் என்பதையும் நீக்கினார். உடனே திறந்தது. அடுத்த வாரத்தில் ஒரு வாடிக்கையாளரின் ஃபோல்டரையே காணவில்லை. ஐந்து ஆண்டு ஆவணங்கள் அதில் இருந்தன, தாக்கல் செய்யவேண்டிய தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

சந்தேகம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. புதிய மடிக்கணினி வைத்திருந்த இருவரில் இளையவர்மேல் போனது. யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் அவருக்குப் புரிந்திருந்தது. இதைச் சரிசெய்ய அழைக்கப்பட்டு நான் போனபோது அவர் தனியாக வந்து ஒன்றுதான் கேட்டார்: “நான் எதையும் தொடலைன்னு எப்படி சார் காட்டறது?”

என்னிடம் வைத்த கோரிக்கைகள் இரண்டு. காணாமல் போனதை மீட்டுத் தரவேண்டும். இனி எந்தக் கணினியிலும் தொல்லையில்லாமல் ‘பழையபடி’ திறக்கவேண்டும். முதலாவதைச் செய்தேன். இரண்டாவதை ஏன் செய்யவில்லை என்பதுதான் இந்தப் பதிவின் பெரும்பகுதி.

முதலில் செய்தது: தேடல்

நெட்வொர்க் வழியாக ஒரு ஃபைலை அழித்தால் அது யாருடைய ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. அழித்தவர் கணினியிலும் இருக்காது, ஃபைல் இருந்த கணினியிலும் இருக்காது. இதை அறியாத அலுவலகங்கள் ஏராளம். ஆகவே ‘பொது’வில் யாரும் புதிதாக எதையும் சேமிக்கக் கூடாது என்று முதலில் நிறுத்தினேன். அழிந்திருந்தால் அந்த ஃபைல்கள் இருந்த இடத்தின்மேல் புதிய தரவு எழுதப்படாமல் இருக்கவேண்டும்.

பிறகு வரவேற்பு மேசைக் கணினியிலேயே உட்கார்ந்து தேடினேன். ஃபோல்டரின் பெயரில் தேடாமல், அதற்குள் இருந்த ஒரு எக்செல் ஃபைலின் பெயரில் தேடினேன். அந்தப் பெயர் மூத்த ஊழியர் ஒருவருக்கு நினைவிருந்தது. ஃபோல்டரின் பெயரை யாரேனும் மாற்றியிருந்தாலும் உள்ளே உள்ளதன் பெயர் அப்படியே இருக்கும் அல்லவா? கிடைத்தது. அகரவரிசையில் அடுத்திருந்த வாடிக்கையாளரின் ஃபோல்டருக்குள் முழுதாக உட்கார்ந்திருந்தது. யாரோ கிளிக் செய்யும்போது கை சற்று இழுபட்டு, பக்கத்து ஃபோல்டர்மேல் விட்டிருக்கிறார்கள். ஒரே டிரைவுக்குள் இழுத்துவிட்டால் விண்டோஸ் கேள்வி கேட்காமல் நகர்த்திவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் செய்தவருக்கே தெரியாது.

யார் என்று கண்டுபிடிக்க வழி இருக்கவில்லை. கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதியைத் திறந்தால், இணைந்திருந்த எல்லோருக்கும் ஒரே பெயர்: கெஸ்ட். நெட்வொர்க் வழியாக வந்த புதிய ஃபைல்களின் உரிமையாளர் பெயரும் கெஸ்ட். தணிக்கைப் பதிவை முன்பே இயக்கி வைத்திருந்தாலும் அதுவும் அதே பெயரைத்தான் எழுதியிருக்கும்.

ஆனால் ஒரு தடயம் இருந்தது. ஒரு ஃபோல்டருக்குள் நேரடியாக ஏதாவது சேர்ந்தாலோ விலகினாலோ அதன் ‘கடைசியாக மாறிய’ நேரம் புதுப்பிக்கப்படும். அதற்குள் இருக்கும் துணை ஃபோல்டர்களில் நடக்கும் மாற்றம் இந்த நேரத்தைத் தொடாது. தொலைந்த ஃபோல்டர் போய்ச் சேர்ந்திருந்த பக்கத்து ஃபோல்டர் கடைசியாக மாறிய தேதி, புதிய மடிக்கணினிகள் அலுவலகத்துக்கு வருவதற்கு முந்தையது. அப்படியென்றால் நகர்த்தல் அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ நடந்திருக்கவேண்டும், பின்னால் நடந்திருக்க முடியாது. காணவில்லை என்று கவனித்தது மட்டும்தான் மடிக்கணினிகள் வந்த பிறகு. இதை அலுவலகத் தலைவரிடமும் அந்த இளையவரிடமும் ஒன்றாக உட்காரவைத்துக் காட்டினேன். இடையில் யாராவது அந்தப் பக்கத்து ஃபோல்டருக்குள் ஒரு புது ஆண்டுக்கான ஃபோல்டரை உருவாக்கியிருந்தால் இந்தத் தேதி மாறிப்போயிருக்கும், காட்டுவதற்கு எதுவும் இருந்திருக்காது. அவர் தப்பியது தற்செயலால்தான். இந்த எண்ணம் எனக்குப் பிறகு எடுத்த எல்லா முடிவுகளிலும் கூடவே இருந்தது.

நெட்வொர்க்கில் கண்டவை

ஃபோல்டர் கிடைத்த பிறகு மற்றவற்றைப் பார்த்தேன். பல மானிட்டர்களின் ஓரத்தில் சின்னத் தாள்கள் ஒட்டியிருந்தன, 192.168.1 என்று தொடங்கும் முகவரி எழுதி, அடித்து, வேறு எழுதி, அதையும் அடித்து. வரவேற்பு மேசைக் கணினிக்கு ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிதான். மின்சாரம் போய் ரவுட்டர் மறுபடி எழும்போது சில சமயம் வேறு எண் வந்துவிடும், எல்லோருடைய ஷார்ட்கட்டும் செத்துவிடும்.

பின்னறையில் வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்று வைத்திருந்தார்கள். அதன் வான் போர்ட்டில், அதாவது இணைய இணைப்புக்கான துளையில், கேபிளைச் செருகியிருந்ததால் பின்னறைக் கணினிகளெல்லாம் 192.168.0 என்ற வேறொரு நெட்வொர்க்கில் இருந்தன. அங்கிருந்து எண்ணைக் கொடுத்தால் ‘பொது’ திறக்கும், பெயரைக் கொடுத்தால் திறக்காது. விண்டோஸ் அக்கம்பக்கத்துக் கணினிகளைப் பெயரால் தேட அனுப்பும் செய்திகள் ரவுட்டரைத் தாண்டுவதில்லை. போதாததற்கு, பின்னறையிலிருந்து யார் வந்தாலும் வரவேற்பு மேசைக் கணினியின் பட்டியலில் இரண்டாவது ரவுட்டரின் ஒரே முகவரிதான் தெரியும். பெயரும் கெஸ்ட், முகவரியும் ஒன்று.

வரவேற்பு மேசையில் இருப்பவர் இடைவேளைக்கு எழுந்து போனால் அந்தக் கணினி தூங்கிவிடும், மற்றவர்கள் திறந்து வைத்திருந்த ஃபைல்கள் அறுந்துவிடும். ஒரு மேசையின் லிங்க் வேகம் 1 ஜிபிபிஎஸ்-க்குப் பதில் 100 எம்பிபிஎஸ் காட்டியது. ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். நாற்காலிச் சக்கரம் ஏறிய கேபிளில் ஒரு ஜோடி போயிருந்தது. கேபிளை மாற்றியதும் அது தீர்ந்தது.

பேக்கப் என்று ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க் இருந்தது. எப்போதும் வரவேற்பு மேசைக் கணினியில் செருகியே இருந்தது, அதையும் ஷேர் போட்டிருந்தார்கள். கடைசி நகல் பல மாதங்கள் பழையது.

கடைசியாக, எஸ்எம்பி 1. விண்டோஸ் கணினிகள் ஃபைல் பகிரப் பேசும் மொழியின் மிகப் பழைய வடிவம் அது. வரவேற்பு மேசைக் கணினியில் யாரோ அதைக் கையால் இயக்கி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டபோது யாருக்கும் நினைவில்லை.

பழையபடி திறந்துவிடாததற்குக் காரணம்

2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டையை அடைக்கும் எம்எஸ்17-010 திருத்தத்தை வெளியிட்டது. திருத்தம் போடாமல் இருந்த கணினிகளை அதே ஆண்டு மே மாதம் வான்னாக்ரை தாக்கியது. ஒரு கணினியில் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டு, நெட்வொர்க்கில் உள்ள அடுத்த கணினிக்கு யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே பரவியது. அதே 2017-இல் வந்த விண்டோஸ் 10 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 புதிய நிறுவல்களில் இயல்பாக வருவதில்லை. வேண்டுமென்று இயக்கினால்தான் வரும். இங்கே இயக்கியிருந்தார்கள்.

கெஸ்ட் அணுகல் வேறு கதை. 24எச்2 ப்ரோவில் எஸ்எம்பி சைனிங் இயல்பாகவே கட்டாயமாக்கப்பட்டது. அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் வழியில் யாராலும் மாற்றப்படவில்லை என்பதற்கான முத்திரை அது. அந்த முத்திரைக்கான சாவி பயனர் தன் கடவுச்சொல்லால் அடையாளம் காட்டும்போதுதான் உருவாகிறது. கெஸ்டுக்குக் கடவுச்சொல் இல்லை, ஆகவே சாவி இல்லை, முத்திரையும் இல்லை. கெஸ்டையும் சைனிங்கையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. இணையத்தில் கிடைக்கும் ‘இரண்டு நிமிடத் தீர்வுகள்’ சைனிங்கை அணைக்கச் சொல்வது இதனால்தான்.

அலுவலகத் தலைவரிடம் இவற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், ஆனால் அவர் கவலை வேறு. “எல்லாரும் நம்ம ஆளுங்கதான் சார். ஆளுக்கொரு பூட்டு போட்டா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடும்.” இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய பேச்சு இல்லை. பத்துப் பேர் நெருங்கி வேலை செய்யும் இடத்தில் இந்த உணர்வு உண்மையானது. என் பதில், நடந்து முடிந்ததைக் கொண்டே அமைந்தது: பெயரில்லாமல் எல்லோரும் போய்வந்த இடத்தில்தான் சந்தேகம் முளைத்தது, அது வந்து விழுந்தது மிக இளையவர்மேல். ஆளுக்கொரு கணக்கு இருந்திருந்தால் எந்தப் பெயரில் நடந்தது என்று ஒரு நிமிடத்தில் பார்த்து, கைதவறல்தான் என்று விட்டிருக்கலாம். கடவுச்சொல் கணக்கு முதலில் காப்பாற்றுவது அதை வைத்திருக்கும் ஊழியரை. இதைக் கேட்டபின் அவர் மறுக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

தரவை எங்கே வைப்பது என்பது முதல் கேள்வி. வரவேற்பு மேசைக் கணினியிலேயே தொடரலாம். சாதாரண விண்டோஸில் ஒரே நேரத்தில் 20 சாதனங்கள் வரை இணைய அனுமதி உண்டு, இந்த அலுவலகத்துக்கு அது போதும். ஆனால் ஒருவர் அன்றாடம் வேலை செய்யும் கணினி அது. அணைப்பார், ரீஸ்டார்ட் செய்வார், மின்னஞ்சல் இணைப்பைத் திறப்பார். எல்லோருடைய ஆவணமும் அதன்மேல் நிற்கக் கூடாது. கிளவுடுக்கு முழுதாக மாறுவதையும் பேசினோம். கணக்கு மென்பொருளின் தரவை ஒரே நேரத்தில் நான்கு பேர் திறந்து எழுதுகிறார்கள்; ஒவ்வொருவர் கணினியிலும் ஒரு நகலை வைத்து ஒத்திசைக்கும் சேவைகளில் இப்படிப்பட்ட தரவு முரண்பட்டுச் சிதைந்துவிடும். எனவே இரண்டு டிஸ்க் உள்ள ஒரு சிறு நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைந்து எல்லோருடைய ஃபைல்களையும் வைத்திருக்க மட்டுமே உள்ள சாதனம்.

“இது விண்டோஸ் இல்லையே, ஒத்துப்போகுமா?” என்று கேட்டார்கள். இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் லினக்ஸும், அதன்மேல் சாம்பாவும் ஓடும். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-இல் தொடங்கிய மென்பொருள் சாம்பா. விண்டோஸ் பேசும் எஸ்எம்பி மொழியைத்தான் அதுவும் பேசுகிறது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு எழுதப்படும்படி வைத்தோம். ஆனால் அது பேக்கப் ஆகாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும். ஒருவர் ஒரு ஃபைலை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழிந்துபோகும். அதற்காக வேலை நேரத்தில் மணிக்கொரு முறை ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு), அழித்தவை போய்ச் சேரும் நாஸின் சொந்த ரீசைக்கிள் பின், இரவில் வெளிப்புற டிஸ்க்குக்கு நகல் என்று மூன்று அடுக்குகள். வெளிப்புற டிஸ்க்குகள் இரண்டு: ஒன்று செருகியிருக்கும்போது மற்றது அலுவலகத்துக்கு வெளியே இருக்கும், வாரந்தோறும் மாறும்.

அனுமதிகளில் அதிக நேரம் செலவழித்தேன். ஆளுக்கொரு கணக்கு, ஆனால் அனுமதி ஆளுக்கு இல்லை, குழுவுக்கு: பங்குதாரர்கள், கணக்குப் பிரிவு, வரவேற்பு. ஒருவர் பிரிவு மாறினால் குழுவை மாற்றினால் போதும், ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடவேண்டியதில்லை. சம்பளப் பட்டியல் உள்ள நிர்வாக ஃபோல்டர் பங்குதாரர்களுக்கு மட்டும்.

வாடிக்கையாளர் ஃபோல்டர்தான் சிக்கலானது. எல்லோருக்கும் அதில் எழுதும் உரிமை வேண்டும், ஆனால் எழுதும் உரிமை இருந்தால் இழுத்து நகர்த்தும் உரிமையும் வந்துவிடும். நடந்த சம்பவம் பெயரோடு திரும்ப நடக்கும், அவ்வளவுதான். ஒரு ஃபோல்டரை நகர்த்த, அதன்மேல் அழிக்கும் உரிமையோ, அதன் தாய் ஃபோல்டரில் உள்ளவற்றை அழிக்கும் உரிமையோ வேண்டும். எனவே மேல்மட்டத்தில் படிக்கும் உரிமை மட்டும். ஒவ்வொரு வாடிக்கையாளர் ஃபோல்டரிலும் அதற்குள் ஃபைலும் ஃபோல்டரும் உருவாக்கும் உரிமை, மாற்றும் உரிமையோ ‘துணை ஃபோல்டர்களுக்கும் ஃபைல்களுக்கும் மட்டும்’ என்ற தேர்வோடு. விளைவாக, உள்ளே எதையும் செய்யலாம், வாடிக்கையாளர் பெயருள்ள ஃபோல்டரை அசைக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. புதிய வாடிக்கையாளர் வந்தால் ஃபோல்டர் திறக்க இரண்டு பேருக்கு மட்டும் உரிமை. இதே வேலையை விண்டோஸ் கணினியில் செய்வோர் ஒன்றை மறக்கக் கூடாது: ஷேர் அனுமதி ஒன்று, டிஸ்க்கில் உள்ள ஃபைல், ஃபோல்டர்மேல் வைக்கும் என்டிஎஃப்எஸ் அனுமதி இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும்.

நெட்வொர்க்கில், பின்னறை ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் நிலைக்கு, அதாவது தனி நெட்வொர்க் உண்டாக்காமல் முன்னறை நெட்வொர்க்கையே நீட்டிக்கும் நிலைக்கு, மாற்றினேன். முகவரி கொடுக்கும் வேலை முன்னறை ரவுட்டருக்கு மட்டும். நாஸுக்கு அந்த ரவுட்டரிலேயே நிலையான முகவரியை ஒதுக்கினேன். எல்லோர் கணினியிலும் பெயரைக் கொண்டு ஒரு டிரைவ் எழுத்து. தாள்களைக் கிழித்தார்கள்.

ஸ்கேனர்

எஸ்எம்பி 1-ஐ யார் ஏன் இயக்கினார்கள் என்பது அதை அணைத்துச் சோதித்த அன்றே தெரிந்துவிட்டது. ஸ்கேன் நின்றது. அந்தப் பழைய இயந்திரம் ஃபோல்டருக்கு நேராக ஸ்கேனை அனுப்பும், அதற்கு எஸ்எம்பி 1 தவிர வேறு பதிப்பு தெரியாது. அதற்கு அப்டேட்டும் இல்லை.

நாஸிலும் எஸ்எம்பி 1-ஐ அனுமதித்தால் ஒரே கிளிக்கில் முடிந்திருக்கும். ஒரு ஸ்கேனருக்காக ஒன்பது கணினியின் ஆவணங்களையும் அந்தப் பழைய மொழிக்குத் திறந்து வைப்பது சரியில்லை என்று விட்டேன். இயந்திரத்தை மாற்றவும் அவர்களுக்கு அப்போது மனமில்லை. அதன் அமைப்புகளில், ஃபைல்களை அனுப்பும் இன்னொரு பழைய முறையான எஃப்டிபி வழியாக அனுப்பும் வசதி இருந்தது. நாஸில் எஃப்டிபி-யை இயக்கி, ஸ்கேனருக்கென்று தனிக் கணக்கு கொடுத்தேன். அந்தக் கணக்கால் ‘ஸ்கேன்’ ஃபோல்டரைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் என்பது தெரிந்தேதான். அதை ஒருவர் பிடித்தாலும் ஸ்கேன் ஃபோல்டர் மட்டும் கைக்குப் போகும் என்பதால் ஏற்றுக்கொண்டோம். ஸ்கேன் ஃபோல்டரில் எதுவும் தங்காமல் அன்றன்றே உரிய இடத்துக்கு எடுத்துவிடவேண்டும் என்ற வழக்கத்தையும் வைத்தார்கள். இயந்திரம் மாறும் நாளில் எஃப்டிபி-யை அணைக்கவேண்டும் என்று நாஸ் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

மாற்றிய வார இறுதி

வேலை முடிந்த ஒரு வெள்ளி மாலையில், விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி கொண்டு ‘பொது’வை நாஸுக்கு நகலெடுத்தோம். தரவும் தேதிகளும் மட்டும், பழைய அனுமதிகள் வேண்டாம். பதிவு ஃபைலைப் பார்த்தபோது சில ஃபைல்கள் தவறியிருந்தன. யாரோ எக்செல்லைத் திறந்தபடியே கணினியைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மூடிவிட்டு இரண்டாம் சுற்று ஓட்டினோம். பாதைப் பெயர் 260 எழுத்தைத் தாண்டிய ஃபைல்களும் இருந்தன, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீண்ட பெயர்கள் வைத்ததன் பலன். ரோபோகாப்பி அவற்றை எடுத்துவிடும், ஆனால் எக்செல்லில் திறக்கும்போது தகராறு செய்யும். அவற்றின் பெயர்களை மட்டும் சுருக்கினோம்.

பழைய ‘பொது’வை அழிக்கவில்லை. படிக்க மட்டும் என்று மாற்றிச் சில வாரங்கள் விட்டுவைத்தோம். இரண்டு மடிக்கணினிகளிலும் தளர்த்தியிருந்த அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன்.

திங்கட்கிழமை

காலை முதல் கேள்வி: “நாலு நம்பர் பின் போட்டா எடுக்கலையே?” கணினியைத் திறக்கும் பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும், நெட்வொர்க்கில் அதற்கு வேலையில்லை. இதைப் பெரும்பாலோர் அன்றுதான் அறிந்தார்கள்.

அடுத்து ஒரு கணினியில் பிழை எண் 1219. ஒரே கணினியிலிருந்து ஒரே சர்வருக்கு இரண்டு பயனர் பெயர்களில் ஒரே சமயம் இணைய விண்டோஸ் விடாது. அங்கே ஒரு பங்குதாரர் நின்றபடியே தன் பெயரைக் கொடுத்து ஒரு ஃபைலைப் பார்த்துவிட்டு, ‘நினைவில் வை’ என்பதையும் தட்டிவிட்டுப் போயிருந்தார். நெட் யூஸ் கட்டளையால் அந்த இணைப்பை அறுத்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்ததை அழித்ததும் சரியானது. அனுமதி அமைப்பில் ஒரு சின்ன ஓட்டை எப்படி உண்டாகிறது என்பதற்கு இது நல்ல காட்சி: அந்தப் பெயர் அங்கேயே தங்கியிருந்தால் அந்த மேசையிலிருந்து சம்பளப் பட்டியல் திறந்திருக்கும்.

நீண்ட நாள் இழுத்தது எக்செல்தான். ஒரு ஒர்க்புக்கிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்திருந்த கணக்குத்தாள்கள் நிறைய. அவற்றுக்குள் பழைய கணினியின் பெயரும் சில இடங்களில் பழைய முகவரி எண்ணும் பதிந்து கிடந்தன. திறந்தால் பிழை வராது, அது இன்னும் மோசம்: ‘படிக்க மட்டும்’ நிலையில் இருந்த பழைய ‘பொது’விலிருந்து பழைய எண்களை எடுத்துக் காட்டின. மூத்த கணக்காளர் ஒருவர் ஒரு கூட்டுத்தொகை முந்தைய வாரத்தோடு அப்படியே நிற்பதைக் கவனித்ததால்தான் வெளியே வந்தது. உடனே பழைய பகிர்வை முழுதாக நிறுத்தினோம். அப்போதுதான் இணைப்பு அறுந்த தாள்கள் பிழை காட்டத் தொடங்கின, ஒவ்வொன்றாகத் திருத்த முடிந்தது.

அதன் பின்

சில மாதங்களுக்குப் பிறகு ஒருவர் ஒரு பெரிய ஒர்க்புக்கின்மேல் வேறொரு ஃபைலைத் தவறுதலாகச் சேமித்துவிட்டார். ஃபைலின்மேல் வலது கிளிக் செய்து, ப்ரீவியஸ் வெர்ஷன்ஸில் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டை எடுத்து அவர்களே மீட்டுக்கொண்டார்கள். என்னைக் கூப்பிடவே இல்லை. வேறொன்றுக்காகப் பேசியபோது சொன்னார்கள். பதிவில் யார் பெயர் என்று பார்க்கும் தேவையும் எழவில்லை. செய்தவரே முதலில் வந்து சொல்லியிருக்கிறார்.

ஒரு ஊழியர் வேலையை விட்டுப் போனபோது அவர் கணக்கை முடக்கினார்கள், அத்தோடு முடிந்தது. பழைய ஏற்பாட்டில் வைஃபை கடவுச்சொல் தெரிந்த எவரும், வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளே வரலாம் என்பது அன்றுதான் தலைவருக்கு முழுதாக உறைத்தது. வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றச் சொல்லி அவரே கேட்டார். வருகிற வாடிக்கையாளர்களுக்குத் தனியாக ஒரு கெஸ்ட் வைஃபையும் அப்போது வைத்தோம். அதில் இணைபவர்களுக்கு இணையம் மட்டும், நாஸ் தெரியாது.

தீராதவையும் உண்டு. ஒரு பங்குதாரர் தன் கடவுச்சொல்லை இன்னும் உதவியாளரிடம் சொல்லித்தான் வைத்திருக்கிறார். வைஃபையில் இருக்கும் மடிக்கணினியில் கணக்கு மென்பொருளைத் திறந்தபடி அறை மாறினால் இணைப்பு விட்டுப் போகிறது. ஃபைல் பகிர்வு தாங்கும், அந்த மென்பொருள் தாங்காது. அந்த வேலைக்கு மட்டும் வயரில் உட்காரும்படி சொல்லியிருக்கிறேன், எப்போதும் கேட்பதில்லை.

இன்னொரு முறை செய்தால்

இதே நிலையில் வேறொரு அலுவலகம் இருந்தால் வரிசையை மாற்றுவேன். கணினிகளைப் பட்டியலிடுவதற்கு முன் கணினி அல்லாதவற்றைப் பட்டியலிடவேண்டும்: ஸ்கேனர், கேமரா பதிவுப் பெட்டி, வருகைப் பதிவு இயந்திரம். பகிர்வை மாற்றும்போது நின்றுபோகிறவை பெரும்பாலும் இவைதான், இவற்றுக்குப் புதிய பதிப்பும் கிடைப்பதில்லை.

எக்செல் இணைப்புகளை மாற்றத்துக்கு முந்திய வாரத்திலேயே தேடிவிடவேண்டும். பழைய பகிர்வைப் படிக்க மட்டும் என்று விட்டுவைப்பது பாதுகாப்பான வழி என்றுதான் பலரும் சொல்வார்கள். இணைப்புத் தாள்கள் உள்ள இடத்தில் அது பழைய எண்ணைப் புதியதுபோல் காட்டும். அங்கே பகிர்வை நிறுத்திவிட்டு, தரவை மட்டும் டிஸ்க்கில் வைத்திருப்பதே நல்லது.

சர்வரின் பெயரை, பெட்டியின் மாடலையோ இருக்கும் அறையையோ வைத்துச் சூட்டக் கூடாது. பெட்டி மாறும், பெயர் தாள்களுக்குள் பதிந்துவிடும். 15 எழுத்துக்குள் அடங்கும் பொதுப்பெயர் ஒன்றை வைத்து, அடுத்த பெட்டிக்கும் அதையே கொடுத்தால் இந்தத் திருத்தல் வேலை மறுபடி வராது.

பேக்கப்பில் ஒரு வேலை பாக்கி. தனித்தனி ஃபைல்களைப் பலமுறை மீட்டுப் பார்த்துவிட்டோம். நாஸ் முழுதாகப் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, வெளியே இருக்கும் டிஸ்க்கிலிருந்து வேறொரு கணினியில் எல்லாவற்றையும் மீட்டு, கணக்கு மென்பொருள் அதில் திறக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. தாக்கல் காலம் முடிந்ததும் அதற்கு ஒரு சனிக்கிழமையைக் கேட்டிருக்கிறேன்.